செல் அளவும் கிரெயின் அளவும் ஒன்றல்ல: இசிஏபி செம்புக்கு மாடல் எழுதுவோர் கவனத்துக்கு

செம்புப் பாத்திரம் அடிக்கும் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. தகட்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவார்கள். ஒரு கட்டத்தில் தகடு அடங்க மறுத்து சுத்தியல் எகிறும். உடனே நெருப்பில் காட்டிப் பழுக்க வைத்து, ஆறவிட்டு, மறுபடி தட்டுவார்கள். மதுரை விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் அடுக்கியிருக்கும் அடித்த செம்புக் குடம் ஒவ்வொன்றும் இப்படிப் பல தடவை இறுகி, பல தடவை இளகி வந்ததுதான்.

நெருப்பில் காட்டாமலே தட்டிக்கொண்டு போக முடிந்தால்? தகடு கிழியாமல், தடிமனும் குறையாமல், திரிபை மட்டும் மேன்மேலும் ஏற்ற முடிந்தால் உள்ளே என்ன ஆகும்? கடும் பிளாஸ்டிக் உருமாற்றம் என்ற துறை முழுக்க இந்தக் கேள்விதான். தலைப்பிலுள்ள இசிஏபி அதில் ஒரு வழி: குறுக்களவு மாறாமல் ஒரு மூலையில் திரும்பும் கால்வாய் உள்ள டை வழியே உலோகக் கட்டையை (பில்லட்) தள்ளுவது. ஒரு முறை தள்ளினால் ஒரு பாஸ். 50 மைக்ரோமீட்டர் இருந்த கிரெயின் (அணுக்கள் ஒரே திசையில் அடுக்கப்பட்ட படிகத் துண்டு) 0.3 மைக்ரோமீட்டருக்கு வந்து நிற்கும். அதைக் கணக்கில் பிடிக்க முயலும் எம்.இ. ப்ராஜெக்ட்டுகள் மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளிலும் நடக்கின்றன. அந்த மாணவர்களுக்காகவே இந்தப் பதிவு. மாடல் கொடுக்கும் 0.3 மைக்ரோமீட்டர் எதன் அளவு என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். அடுத்தடுத்த துண்டுகளின் படிகத் திசைகளுக்கு இடையே எத்தனை டிகிரி விலகலை எல்லை என்று கொண்டீர்கள் என்பதைச் சொல்லாத கிரெயின் அளவு, அலகு போடாத எண்ணுக்குச் சமம்.

முதலில் வெறும் வடிவக் கணக்கு. 90 டிகிரி டையில் ஒரு பாஸ் என்பது காமா 2 அளவுள்ள ஷியர், அதாவது அடுக்கின் மேல் அடுக்கு சறுக்கும் திரிபு. ஓர் உருண்டையை அந்த ஷியருக்கு உட்படுத்தினால் நீள அச்சு 2.41 மடங்காகும், குட்டை அச்சு 2.41-இல் ஒரு பங்காகும். 50 மைக்ரோமீட்டர் கிரெயின் ஒரு பாஸில் சுமார் 21 மைக்ரோமீட்டர் தடிமனுக்கு வரும். ரூட் ஏ-யில், அதாவது பாஸ்களுக்கு நடுவே பில்லட்டைத் திருப்பாமல், 4 பாஸ் தள்ளினால் காமா 8. தடிமன் 6 மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல். சோதனையில் பார்ப்பதோ 0.3 மைக்ரோமீட்டர். இருபது மடங்கு வித்தியாசம். நீட்டித் தட்டையாவதால் மட்டும் கிரெயின் சிறுத்துவிடாது, அது உள்ளுக்குள்ளேயே துண்டாகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே இதைப் போடுங்கள். மாடல் எதை விளக்க வேண்டும் என்பது அங்கேயே தெளிவாகிவிடும்.

ஒரு பாஸின் திரிபு

இவாஹாஷி குழுவினர் 1996இல் கொடுத்த சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். கால்வாய்க் கோணம் 90, வெளி மூலைக் கோணம் சை 0 என்றால் சமானத் திரிபு 1.155. சை 20 டிகிரி என்றால் 1.05. சை 90 என்றால் 0.907. டை டிராயிங்கில் இருக்கும் சை-யை அப்படியே எடுத்துப் போடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. நன்றாக இறுகும் உலோகம் வெளி மூலையை நிரப்பாமல் இடைவெளி விட்டு வளையும். பதப்படுத்திய மெத்தென்ற செம்பு முதல் பாஸில் அப்படித்தான் போகும். பில்லட்டின் அடிப்பக்கத்துக்கு மேல்பக்கத்தைவிடக் குறைவான திரிபுதான் கிடைக்கும். இரண்டாம் மூன்றாம் பாஸில் உலோகம் ஏற்கெனவே இறுகிவிட்டதால் மேற்கொண்டு இறுகும் வேகம் குறைந்து, மூலை நன்றாக நிரம்பும். அதனால் எஃப்இஎம் (உலோகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி முறை) ஓட்டினால் சை தானாக வெளிவர வேண்டிய விடை, நாம் கொடுக்கும் உள்ளீடு அல்ல. எஃப்இஎம் இல்லையென்றால் பாதி பாஸில் பிரஸ்ஸை நிறுத்திப் பில்லட்டை வெளியே எடுங்கள். மூலையின் வளைவை ஒரு போட்டோ எடுத்து அளந்தால் போதும்.

பிரஸ்ஸின் லோடு ரீடிங்கை வீணாக்காதீர்கள். 10-க்கு 10 மில்லிமீட்டர் பில்லட், ஓட்டத் தகைவு 380 மெகாபாஸ்கல் என்றால் ஷியர் தகைவு 219, அதை காமா 2-ஆல் பெருக்கினால் 439 மெகாபாஸ்கல். பரப்பு 100 சதுர மில்லிமீட்டர் என்பதால் 44 கிலோநியூட்டன், ஏறக்குறைய நாலரை டன். இது உராய்வே இல்லாத கணக்கு. கேஜ் 9 டன் காட்டினால் பாதி உராய்வில் போகிறது. மாலிப்டினம் டைசல்ஃபைடு பூச்சு சரியில்லை, அல்லது வெளியேறும் கால்வாய் தேவைக்கு மேல் நீளம். உராய்வு அவ்வளவு இருந்தால் பில்லட்டின் தோல் ஒரு மாதிரி, நடு ஒரு மாதிரி ஆகிவிடும். அதற்கு ஒரே ஒரு திரிபு எண்ணைக் கொடுத்து மாடல் ஓட்டுவதில் பொருளில்லை. நடுவிலிருந்து வெட்டிய மாதிரியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

டிஸ்லொகேஷன் கணக்கு

எளிய தொடக்கம் காக்ஸ்–மெக்கிங் சமன்பாடு. டிஸ்லொகேஷன் என்பது படிக அடுக்கில் உள்ள கோட்டுக் குறை. அதன் அடர்த்தி ரோ திரிபோடு ஏறும் வேகம் ரூட் ரோவுக்கு (ரோவின் வர்க்கமூலத்துக்கு) விகிதமாகக் கூடும், ரோவுக்கு விகிதமாகக் குறையும். சேமிப்பு ஒரு பக்கம், மீட்சி (டிஸ்லொகேஷன்கள் அழிவது) ஒரு பக்கம். தகைவோ டெய்லர் 1934இல் சொன்னபடி ரூட் ரோவுக்கு விகிதம். செம்புக்கு ஷியர் மாடுலஸ் 45 கிகாபாஸ்கல், பர்கர்ஸ் வெக்டர் 0.256 நானோமீட்டர், ஆல்பா 0.25, டெய்லர் எண் 3.06 என்று வைத்துப் பாருங்கள். ரோ சதுர மீட்டருக்கு 10¹⁵ என்றால் 279 மெகாபாஸ்கல் வரும். 350 வேண்டுமானால் ரோ சுமார் 1.6 × 10¹⁵ இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் எழுதிய நிரல் (கோடு) 10¹⁷ என்று கக்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்த படி எஸ்ட்ரின், டோத், மோலினாரி, பிரேஷே 1998இல் கொடுத்த மாடல். இந்தத் துறையில் அதிகம் பயன்படுவது இதுதான். டிஸ்லொகேஷன்கள் திரண்டு சுவர்களாகி, நடுவில் அவை குறைந்த சிறு அறைகளை (செல்) உண்டாக்கும். அதனால் உலோகத்தைச் செல் உள்பகுதி, செல் சுவர் என்று இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி ரோ வைக்கிறார்கள். சுவர்களிலுள்ள மூலங்கள் உள்ளே டிஸ்லொகேஷன்களை அனுப்பும். உள்ளே இருப்பதில் ஒரு பங்கு சுவரில் போய் ஒட்டும். இரண்டு இடத்திலும் மீட்சியால் கொஞ்சம் அழியும். சுவரின் கன அளவுப் பங்கு எஃப் திரிபோடு குறைந்துகொண்டே வரும். செம்புக்கு 0.25-இல் தொடங்கி 0.06-ஐ நோக்கி இறங்கும்படி வைப்பது வழக்கம். தளர்ந்த சுவர் திரிபு ஏற ஏறக் கூர்மையாகி மெலிவதைத்தான் அந்த இறக்கம் குறிக்கிறது. நான்காம் கட்ட இறுக்கம் (பெரிய திரிபிலும் மெதுவாகத் தொடரும் இறுக்கம்) இந்த மாடலில் வருவதற்கு எஃப்-இன் இறக்கம்தான் காரணம். எஃப்-ஐ மாறாமல் வைத்துவிட்டால் வளைவு சீக்கிரமே தட்டையாகிவிடும், அப்புறம் மற்ற எண்களைத் திருகித் திருகிப் பார்ப்பதில் நாள்தான் போகும்.

பைதானில் எழுதுவோருக்குச் சில குறிப்புகள். ரோவை மீட்டர் அலகில் வைத்தால் எண்கள் 10¹² முதல் 10¹⁶ வரை ஓடும். சால்வரின் இயல்பான சகிப்பு எல்லைகள் அதற்குப் பொருந்தாது. 10¹⁴-ஆல் வகுத்து எழுதுங்கள். நேரத்துக்குப் பதில் ஷியர் திரிபையே சாரா மாறியாக வையுங்கள். சால்வராக எல்சோடா போதும். தேடலைத் தொடங்க ஆல்பா ஸ்டார் (சுவரிலிருந்து உள்ளே வரும் பங்கு) 0.01 முதல் 0.1 வரை, பீட்டா ஸ்டார் (உள்ளிருந்து சுவருக்குப் போகும் பங்கு) 0.001 முதல் 0.02 வரை, மீட்சிக் குணகம் 1 முதல் 10 வரை என்று எல்லை கட்டலாம்.

அடிக்கடி வரும் கோளாறு இது: முதல் சில அடிகளிலேயே உள்பகுதி ரோ எதிர்மறையாகி, வர்க்கமூலம் எடுக்கும் இடத்தில் நிரல் நின்றுவிடும். சுவருக்குப் போகும் பங்கு சுவரிலிருந்து வரும் பங்கை மிஞ்சுவதுதான் காரணம். செல் அளவு விகிதமாறிலி கே 10 ஆகவும், தொடக்கத்தில் இரண்டு ரோக்களும் சமமாகவும் இருந்தால், பீட்டா ஸ்டார் ஆல்பா ஸ்டாரை நெருங்கினாலே இது நடக்கும். மடக்கையில் எழுதினால் பிழைச் செய்தி மறையும், கோளாறு மறையாது. உள்பகுதி ரோ பாதாளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும், மொத்த வளைவு மட்டும் பார்க்க அழகாக இருக்கும். அதனால் இரண்டு ரோக்களையும் தனித்தனியாக வரைந்து பாருங்கள். எல்லாத் திரிபிலும் சுவர் ரோ உள்பகுதி ரோவுக்கு மேலே இருக்க வேண்டும்.

தொடக்க நிலையிலும் கவனம் வேண்டும். பஜாரில் வாங்கும் செம்புக் கம்பி பெரும்பாலும் இழுத்து இறுகியதுதான். லேத்தில் கடைந்து நேரே டைக்குள் தள்ளினால் உங்கள் தொடக்க ரோ என்னவென்று யாருக்கும் தெரியாது. 600 டிகிரியில் ஒரு மணி நேரம் பதப்படுத்தி, விக்கர்ஸ் கடினம் 50 பக்கம் இறங்கியதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். சாதாரண மின் கம்பிச் செம்பில் ஆக்சிஜன் இருக்கும். அதை ஹைட்ரஜன் உள்ள உலையில் போட்டால் கிரெயின் எல்லைகளில் நீராவி உண்டாகி விரிசல் விடும். ஆர்கான் போதும்.

அளவுருக்களைப் பொருத்தும் இடத்தில்தான் நிறைய ப்ராஜெக்ட்டுகள் சறுக்குகின்றன. பதப்படுத்திய செம்பின் இழுவிசைச் சோதனை 0.3, 0.4 திரிபுக்குள் கழுத்து விழுந்து முடிந்துவிடும். அந்த வளைவுக்குப் பொருத்திய எண்களை வைத்து 4 பாஸின் மொத்தத் திரிபான 4.6 வரை நீட்டுவது, அவனியாபுரம் வரை பார்த்த சாலையை வைத்துத் தூத்துக்குடி எப்படி இருக்கும் என்று சொல்வதைப் போல. ஒவ்வொரு பாஸுக்குப் பிறகும் சிறு கனசதுரம் வெட்டி அமுக்கச் சோதனை செய்து, அந்த ஈல்டு மதிப்புகளைப் புள்ளிகளாக வையுங்கள். கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் வயர் கட்டிங்கில் கொடுத்தால் மாதிரி சூடாகாமல் வெட்டி வாங்கலாம். சாணைச் சக்கரத்தில் தண்ணீர் இல்லாமல் அறுத்தால் வெட்டு முகத்துக்கு அருகே உள்ள அமைப்பு மாறிவிடும்.

வேகத்தையும் விடக்கூடாது. யூடிஎம்-இல் (இழுவிசை, அமுக்கச் சோதனை எந்திரம்) திரிபு வேகம் வினாடிக்கு 0.001. டையில் பஞ்ச் வினாடிக்கு 1 மில்லிமீட்டர் நகர்கிறது, ஷியர் பட்டை 2 மில்லிமீட்டர் அகலம் என்றால், கடக்க 2 வினாடி, அதற்குள் காமா 2. ஆக வேகம் வினாடிக்கு 1. ஆயிரம் மடங்கு. மீட்சி உறுப்பில் இருக்கும் அடுக்கு என்-ஐ 50 என்று வைத்தால் ஆயிரம் மடங்கு வேகம் மீட்சியை 13 சதவீதம் குறைக்கும். ஒரே வேகத்தில் மட்டும் சோதனை செய்தவர்களால் மீட்சிக் குணகத்தையும், ஒப்பீட்டு வேகத்தையும், என்-ஐயும் பிரித்தறியவே முடியாது. குறைந்தது இரண்டு வேகம் வேண்டும்.

கிரெயின் எங்கே பிறக்கிறது

இப்போது தலைப்பு விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன மாடலில் அளவு என்பது கே-யை ரூட் ரோவால் வகுத்தது. கே 10, ரோ 10¹⁵ என்றால் 0.316 மைக்ரோமீட்டர். சோதனையில் வரும் எண்ணோடு அழகாகப் பொருந்துகிறது. பொருந்துவதால்தான் ஆபத்து. சூத்திரம் கொடுப்பது செல் அளவு. செல் சுவரின் இருபுறமும் விலகல் 1 டிகிரியாக இருந்தாலும், 40 டிகிரியாக இருந்தாலும் இந்தச் சமன்பாட்டுக்குத் தெரியாது, ஏனென்றால் கோணம் என்ற மாறியே அதில் இல்லை. முதல் பாஸ் முடிந்ததும் செல்கள் சிறுத்துவிடும், ஆனால் சுவர்களில் பெரும்பாலானவை குறைகோணச் சுவர்கள். அதை 0.4 மைக்ரோமீட்டர் கிரெயின் என்று அட்டவணையில் எழுதினால் அது தவறான தகவல். செல் அளவு ஓரளவு சீக்கிரமே நிலைத்துவிடும். கோணம் பாஸ் பாஸாக ஏறிக்கொண்டே போகும். இரண்டும் வேறு வேறு கடிகாரத்தில் ஓடுகின்றன.

கோணத்தை எப்படிக் கொண்டுவருவது? தற்செயலாகச் சிக்கிய டிஸ்லொகேஷன் சுவர்களில் சராசரி விலகல் திரிபின் அடுக்கு அரைக்கு விகிதமாக ஏறும். பக்கத்துப் பக்கத்து வட்டாரங்கள் வெவ்வேறு சறுக்குத் தொகுதிகளில் இயங்குவதால் பிறக்கும் சுவர்களில் மூன்றில் இரண்டு அடுக்காக ஏறும். ஹியூஸ், ஹான்சன் குழுவினரின் அளவீடுகளிலிருந்து வந்த விதிகள் இவை. செல் மாடலோடு இந்த ஏற்றத்தைச் சேர்த்து, 15 டிகிரியைத் தாண்டிய சுவர்களின் பங்கைக் கணக்கிடுவது எளிய வழி. இரண்டு சுவர் வகைக்கும் தனித்தனிப் பரவல் வையுங்கள். சராசரியை மட்டும் வைத்தால் ஒரு குறிப்பிட்ட திரிபில் எல்லாச் சுவரும் ஒரே நொடியில் கிரெயின் எல்லையாகிவிடும், அப்படி எந்த உலோகத்திலும் நடப்பதில்லை.

இன்னும் நேர்மையான வழி, டோத், எஸ்ட்ரின், லபோவோக், கு 2010இல் வெளியிட்ட லாட்டிஸ் (படிக அடுக்கு) வளைவு மாடல் என்பது என் கருத்து. கிரெயினின் நடுப்பகுதி தன் சறுக்குக்கு ஏற்பத் திசை திரும்ப முயல்கிறது. ஓரத்தில் இருக்கும் பகுதியை அண்டைக் கிரெயின் பிடித்துக்கொள்கிறது. நடு திரும்பி, ஓரம் பின்தங்கும்போது லாட்டிஸ் வளைகிறது. அந்த வளைவைத் தாங்க டிஸ்லொகேஷன் தேவை. நை 1953இல் காட்டிய உறவு அது. ஒரு மைக்ரோமீட்டரில் 5 டிகிரி வளைந்தால் சதுர மீட்டருக்கு 3.4 × 10¹⁴ டிஸ்லொகேஷன் அதற்கே வேண்டும். வளைவு ஒரு வாசல் கோணத்தைத் தாண்டியதும் அந்தத் துண்டைப் புதுக் கிரெயினாகக் கணக்கில் சேர்த்து, அதற்கும் அண்டை உண்டாக்கி, மேலே போகிறார்கள். அளவு, கோணம், டெக்ஸ்சர் (கிரெயின்களின் திசைகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பது) மூன்றும் ஒரே இயக்கத்திலிருந்து வருகின்றன. வாசல் கோணத்தை 5-இலிருந்து 10-க்கு மாற்றி ஓட்டி, விடை எவ்வளவு ஆடுகிறது என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்.

டெக்ஸ்சர் ஓட்டும்போது ஒரு சிறு விஷயம் பெரிய பிழையாகும். ஷியர் நடப்பது டையின் மூலைவிட்டத் தளத்தில். அளப்பது பில்லட்டின் அச்சில். இரண்டுக்கும் 45 டிகிரி. அந்தக் கோணத்தின் கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டால் போல் ஃபிகர் (டெக்ஸ்சரைக் காட்டும் வட்டப் படம்) கண்ணாடிப் பிம்பமாக வரும். உச்சிகள் இருப்பதால் சரியென்றே தோன்றும். ஒரு பாஸ் முடிந்த மாதிரியில் நீண்ட கிரெயின்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதை ஆப்டிகல் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அதோடு ஒத்துப்பாருங்கள். பாஸ்களுக்கு நடுவே பில்லட்டைத் திருப்புவதும் கோடில் இருக்க வேண்டும். வெறும் கூட்டுத் திரிபை மட்டும் வாங்கும் மாடல் ரூட் ஏ (திருப்பாமல்), பிசி (ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாக 90 டிகிரி), சி (180 டிகிரி) மூன்றுக்கும் ஒரே விடை தரும். ரூட் சி-யில் அடுத்த பாஸ் முந்தைய ஷியரைத் திருப்பிவிடுகிறது. பழைய சுவர்களில் ஒரு பகுதி கரைகிறது. 90 டிகிரி டையில் சீரான உருண்டைக் கிரெயின் பிசி-யில்தான் சீக்கிரம் கிடைக்கும். உங்கள் மாடல் அந்த வேறுபாட்டைக் காட்டாவிட்டால் ரூட் ஒப்பீடு என்ற அத்தியாயமே எழுதாதீர்கள்.

அளக்கும் இடத்தில் கெடுவது

மாடலை ஒப்பிட எடுத்த மாதிரியே கெட்டுப்போனால் எந்தச் சமன்பாடும் உதவாது. சூடான பேக்கலைட் மவுன்டிங் பிரஸ் 150 முதல் 180 டிகிரியில் சில நிமிடம் மாதிரியை வைத்திருக்கும். 8 பாஸ் போன தூய செம்பு அந்தச் சூட்டில் மறுபடிகமாகத் தொடங்கிவிடும். பட்டறைக்காரர் நெருப்பில் காட்டியதை நாம் தெரியாமல் ஆய்வகத்தில் செய்துவிடுகிறோம். குளிர்நிலையில் இறுகும் எப்பாக்சி மட்டும் பயன்படுத்துங்கள். மவுன்ட் செய்யுமுன் ஒன்று, பின் ஒன்று என விக்கர்ஸ் அளந்தால் சந்தேகம் தீரும்.

இபிஎஸ்டி-யில் (எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் புள்ளி புள்ளியாகப் படிகத் திசையை அளக்கும் முறை) அடி அளவு, அதாவது புள்ளிக்குப் புள்ளி தூரம், 50 நானோமீட்டர் என்று வையுங்கள். கருவியின் கோணச் சத்தம் (அளவீட்டுத் தடுமாற்றம்) அரை டிகிரி. அந்தச் சத்தத்தை அப்படியே டிஸ்லொகேஷனாக மாற்றினால் 6.8 × 10¹⁴ வரும், மாதிரியில் ஒரு டிஸ்லொகேஷன்கூட இல்லாவிட்டாலும். நாம் தேடுவதே 10¹⁵! அடி அளவைக் குறைத்தால் இது இன்னும் மோசமாகும். இதே அடி அளவில் முழுக்கப் பதப்படுத்திய மாதிரியை முதலில் அளந்து, அந்தத் தரைமட்டத்தை அறிந்துகொண்ட பிறகே உருமாற்றிய மாதிரிக்கு வாருங்கள்.

எக்ஸ்ரே கோட்டு அகலத்திலிருந்து வரும் அளவு இன்னொன்று. அது பல நேரம் 100 நானோமீட்டருக்குக் கீழே நிற்கும். லாட்டிஸ் சிதறாமல் ஒத்திசைந்து நிற்கும் சிறு வட்டாரத்தின் அளவு அது, கிரெயின் அல்ல. மாடல் ரோவை எக்ஸ்ரே ரோவோடு ஒப்பிடுங்கள், மாடல் கிரெயினை எக்ஸ்ரே அளவோடு ஒப்பிடாதீர்கள்.

15 டிகிரிக்கு மேற்பட்ட எல்லைகளின் பங்குக்கும் ஓர் அளவுகோல் உண்டு. திசைகள் முற்றிலும் தாறுமாறாக இருக்கும் கனசதுரப் படிக உலோகத்தில் 15 டிகிரிக்குக் கீழே சுமார் 2 சதவீத எல்லைகளே இருக்கும், சராசரி விலகல் 40 டிகிரிக்குச் சற்று மேல். மெக்கென்ஸி 1958இல் கணக்கிட்ட பரவல் இது. 8 பாஸ் போன செம்பும் அங்கே போய்ச் சேர்வதில்லை. மாடல் 4 பாஸிலேயே 95 சதவீதம் என்று சொன்னால் கோண ஏற்றம் மிகைப்பட்டிருக்கிறது.

வெப்பநிலைக்கு அறை வெப்பநிலை என்று எழுதிவிட்டுப் போவதும் சரியல்ல. மதுரையில் மே மாத மதியம் ஏசி இல்லாத பட்டறையில் டை 40 டிகிரியில் இருக்கும், டிசம்பர் காலையில் 22 இருக்கலாம். இதைவிடப் பெரிது உருமாற்ற வேலையின் சூடு: 380 மெகாபாஸ்கல், திரிபு 1.155, அதில் 90 சதவீதம் வெப்பம் என்றால், டைக்கு எதுவும் போகாத பட்சத்தில் 114 டிகிரி ஏற்றம். செம்பு வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் உண்மையில் அவ்வளவு ஏறாது. ஆனால் பஞ்ச் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் மேல்வரம்பை நோக்கிப் போகும். டைச் சுவரில் மூலைக்கு 3 மில்லிமீட்டர் தள்ளி ஒரு தெர்மோகப்பிள் துளை போடச் சொல்லுங்கள். டை செய்யும்போதே போட்டால்தான் உண்டு, ஹெச்13 ஸ்டீல் கடினப்பட்ட பிறகு துளைப்பது பெரும்பாடு.

கிரெயின் சிறுக்கச் சிறுக்க உலோகம் எவ்வளவு வலுவாகும் என்று சொல்லும் ஹால்–பெட்ச் உறவு பற்றி ஒரு வார்த்தை. செம்புக்குச் சாய்வு 0.11 முதல் 0.14 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர், உராய்வுத் தகைவு 25. 0.25 மைக்ரோமீட்டருக்கு இது 245 முதல் 305 மெகாபாஸ்கல் தரும். அளந்தது 380. குறையும் பங்கை நிரப்ப டெய்லர் தகைவை முழுசாகக் கூட்டினால் 500-ஐத் தாண்டிவிடும், ஏனென்றால் சுவரிலுள்ள அதே டிஸ்லொகேஷன்களை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். குறைகோணச் சுவரை ரோ கணக்கிலும், 15 டிகிரிக்கு மேற்பட்டதை ஹால்–பெட்ச் கணக்கிலும் மட்டும் வையுங்கள். இந்தப் பிரிவினைக்கே கோணம் தெரிந்திருக்க வேண்டும். செல் மாடல் தனியாக அதைத் தராது.

எல்லாம் பொருந்திய பிறகு, எந்த எண்ணையும் தொடாமல், அதே நிரலை எச்பிடி (பேரழுத்தத்தில் பிடித்து முறுக்கும் முறை) வட்டுக்கு ஓட்டிப் பாருங்கள். 0.8 மில்லிமீட்டர் தடிமன், 5 மில்லிமீட்டர் ஆரம், 5 சுற்று என்றால் காமா 196. செம்பு அதற்கு வெகு முன்னரே நிலைத்துவிடும், வட்டின் நடுவைத் தவிர மற்ற இடங்களில் கடினம் ஏறக்குறைய ஒரே கோடாக இருக்கும். மாடலில் அளவு விளிம்பை நோக்கி இறங்கிக்கொண்டே போனால் மீட்சி உறுப்பு மிகச் சிறியது. மாறாக நடுவிலும் விளிம்புக்குச் சமமான கடினம் காட்டினால், ஆரம் பூஜ்யத்தில் திரிபும் பூஜ்யம் என்பதைக் கோடில் எங்கோ விட்டுவிட்டீர்கள். முதலில் ஆரத்துக்கான வரியைத் திறந்து பாருங்கள்.